மார்கழிக் குளிரும் மின்கட்டணக் கணக்கும்

மார்கழி பிறந்துவிட்டால் வருசநாட்டு மலைகளிலிருந்து இறங்கும் காற்றுக்குத் தனியொரு கூர்மை வந்துவிடுகிறது. தேனியிலிருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு வழியாகத் தெற்கே செல்லும் சாலையில், மூலவைகையை ஒட்டி அமைந்துள்ள மயிலாடும்பாறையில் அக்காற்றை நாம் நன்றாகவே உணர்ந்தோம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பொழுது சாய்ந்ததும் பனி இறங்குகிறது. விடியற்காலையில் தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் விரல்கள் விறைக்கின்றன. மேகமலை உச்சியிலோ கொடைக்கானலிலோ வாழ்பவர்கள் இதைக் குளிரென்றே ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆயினும், முதியவர்களுக்கும், நோயால் மெலிந்தவர்களுக்கும், கைக்குழந்தைகளுக்கும் இக்குளிரே போதுமான துன்பம் தருகிறது.

குளிரை விரட்ட வெப்பம் வேண்டும். வெப்பத்துக்கு எரிபொருள் வேண்டும். நம் பாட்டிமார் காலத்தில் அது மலையிலிருந்து தலைச்சுமையாக வந்த விறகு. இன்று அந்த மலைக்காடு, 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. முன்போல் விறகு வெட்டிக் கட்டிவர இயலாது. அது காட்டுக்கு நன்மையே. விறகின் இடத்தைச் சமையல் எரிவாயு பிடித்தது. எரிவாயு இல்லாத வீட்டிலோ, எல்லாச் சுமையும் மின்சாரத்தின் தலையில் ஏறுகிறது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் நாம் கண்டதையும் கற்றதையும் குடும்பங்கள் அனைத்துக்கும் பயன்படும் என்னும் நம்பிக்கையோடு இங்கே எழுதுகிறோம்.

ஒரு வீட்டில் நடந்தது

அந்த வீட்டில் ஐவர். குடும்பத் தலைவர் ஆசிரியர். அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்பவர். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். இவர்களோடு ஆசிரியரின் தாயார். பிள்ளைகள் அவரை அப்பத்தா என்று அழைக்கிறார்கள். எழுபது வயதைக் கடந்தவர். வேறோர் ஊரிலிருந்து மாறுதலாகி இவர்கள் இங்கே வாடகைக்குக் குடிவந்தபோது, பழைய ஊரிலிருந்த எரிவாயு இணைப்பை மாற்றிக்கொள்ளவில்லை. இன்று, நாளை என்று தள்ளிப்போட்டதில் மாதங்கள் ஓடிவிட்டன. சமையலுக்கு மின்தூண்டல் அடுப்பு வந்தது. குளிப்பதற்கு, வாளியில் தொங்கவிடும் ஹீட்டர் கம்பி வந்தது.

2025-ஆம் ஆண்டு பொங்கலுக்குச் சில நாள்களுக்கு முன் மின்கணக்கீட்டாளர் வந்து அளவெடுத்துச் சென்றார். வழக்கமாக இரண்டு மாதத்துக்கு 800 ரூபாய் அளவில் வரும் கட்டணம், அம்முறை 2,712 ரூபாய் என்று வந்தது. பொங்கலுக்குப் புத்தாடை எடுக்க ஒதுக்கியிருந்த பணம் அதில் கரைந்தது. வீட்டில் பேச்சு எழுந்தது. பேச்சு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் வெந்நீர் வாளியில் வந்து நின்றது.

"வெயில் ஏறினபின்னே குளிச்சா பச்சைத்தண்ணியே போதுமே, எல்லாருக்கும் விடியக்காலம் வெந்நீர் எதுக்கு?" என்று மகன் பொதுவாகத்தான் சொன்னார். யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால், வீட்டிலே சம்பாதிக்காத ஒருவருக்கு, பொதுவாகச் சொல்லப்படும் சொல்லெல்லாம் தமக்கே சொல்லப்பட்டதாகத் தோன்றும். மறுநாளிலிருந்து அப்பத்தா வெந்நீர் கேட்கவில்லை. "எனக்கென்னப்பா, எங்க காலத்துல ஆத்துல முங்கிக் குளிச்சவங்கதானே நாங்க" என்று சிரித்துக்கொண்டே தொட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். ஒரு வாரத்தில் இருமல். பத்தாம் நாள் நெஞ்சுச்சளி. மருத்துவருக்கும் மருந்துக்கும் ஆன செலவு, ஏறிய மின்கட்டணத்தை எட்டிப்பிடித்தது.

நாம் அவ்வீட்டுக்குச் சென்றது அச்சமயத்தில்தான். அப்பத்தா முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். மருமகள் நம்மிடம் தாழ்ந்த குரலில், "அத்தை எங்களுக்காகத்தான் இப்படிச் செஞ்சுட்டாங்க, எப்படிச் சரி பண்றதுன்னு தெரியலை" என்று கண் கலங்கினார். அன்று மாலை, பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றின் கடைசிப் பக்கத்தில், பென்சிலைக் கொண்டு நாம் எல்லாரும் சேர்ந்து ஒரு கணக்குப் போட்டோம். அதற்கு முன் அவ்வீட்டில் யாரும் அக்கணக்கைப் போட்டதில்லை.

ஒரு வாளி வெந்நீரின் விலை

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஒரு கிலோகலோரி வெப்பம் தேவை என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரு யூனிட் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறினால் 860 கிலோகலோரி கிடைக்கும். 20 லிட்டர் வாளியில் 22 பாகையில் இருக்கும் தண்ணீரை 42 பாகைக்குச் சூடாக்குவதாக வைத்துக்கொள்வோம். 20 லிட்டரை 20 பாகையால் பெருக்கினால் 400 கிலோகலோரி. அதாவது, ஒரு வாளி வெந்நீருக்கு ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம். ஐவர் குளிக்க நாளொன்றுக்கு 2.3 யூனிட். 60 நாளைக்கு 140 யூனிட்.

சமையலுக்கு மின்தூண்டல் அடுப்பு நாளொன்றுக்குச் சுமார் 2 யூனிட் எடுத்தது. 60 நாளைக்கு 120 யூனிட். விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, தையல் இயந்திரம் ஆகியவற்றுக்கு வழக்கமாக ஆகும் 320 யூனிட்டோடு இவ்விரண்டையும் கூட்டினால் 580. மின்கட்டணச் சீட்டில் இருந்த எண்ணும் அதுவே.

இதில் அப்பத்தாவின் பங்கு எவ்வளவு? 140-இல் ஐந்தில் ஒன்று, 28 யூனிட். மிகுந்த விகிதத்தில் விலை வைத்துப் பார்த்தாலும் இரண்டு மாதத்துக்கு 235 ரூபாய். நாளொன்றுக்கு நான்கு ரூபாய்க்கும் குறைவு. கூடுதலாக ஆன 260 யூனிட்டில் ஒன்பதில் ஒரு பங்கே அம்முதியவருடையது. எஞ்சிய எட்டுப் பங்கும் மற்றவர்களுடையது. ஆசிரியர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்த் தம் தாயின் அருகில் உட்கார்ந்துகொண்டார். என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை.

கணக்குப் பார்க்காமல் சிக்கனம் செய்யத் தொடங்கினால், அச்சிக்கனம் வீட்டிலுள்ள எளியவரின் தலைமீதே முதலில் விழுகிறது. குரல் உயர்த்துபவர் தம் தேவையைக் காத்துக்கொள்கிறார். வாய் திறவாதவர் விட்டுக்கொடுக்கிறார். நம் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் இது நடக்கின்றது. இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியதும் இதுவே.

ஐந்நூறு என்னும் கோடு

யூனிட் 320-லிருந்து 580-ஆக ஏறினால், இரு மடங்கு கூட ஆகவில்லை. கட்டணமோ மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. இது எப்படி என்று பலர் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட்டை விலையின்றித் தரும் ஆணை 2016-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் பிறப்பிக்கப்பட்டது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றவர்களுக்கு, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. ஆகவே, சரியாக 500 யூனிட் செலவிட்ட வீடு 1,805 ரூபாய் கட்டினால் போதுமாயிருந்தது.

அக்கட்டணப்படி, 500-ஐத் தாண்டிவிட்டால் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாய் 40 காசு விலை. 600-க்கு மேல் இன்னும் மிகுதி. இது எல்லாருக்கும் தெரிகிறது. இரண்டாவது மாற்றத்தைத்தான் பலர் அறியார். 101 முதல் 200 வரை கிடைத்த 2 ரூபாய் 35 காசு என்னும் சலுகை விலை மறைந்து, அந்த 100 யூனிட்டுக்கும் 4 ரூபாய் 70 காசு ஆகிவிட்டது. அதனால், 501-ஆம் யூனிட் ஒன்றுக்கு மட்டும், சலுகை இழப்பையும் சேர்த்து, 243 ரூபாய்க்கு மேல் ஆனது!

மயிலாடும்பாறைக் குடும்பம் 580-க்குப் பதிலாக 500-இல் நின்றிருந்தால் 907 ரூபாய் மிஞ்சியிருக்கும். 80 யூனிட்டை 60 நாளில் குறைக்க வேண்டுமானால், நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்டுக்கும் குறைவாகவே குறைத்தால் போதும். அதற்கு ஒரு முதியவரைப் பச்சைத்தண்ணீரில் குளிக்க வைக்க வேண்டியதில்லை. பின்னர் நாம் கூறப்போகும் எளிய வழிகளில் இரண்டு போதும்.

எரிவாயுவா, மின்சாரமா?

"மின்தூண்டல் அடுப்பு சிக்கனம் என்கிறார்களே, அது பொய்யா?" என்று அவ்வீட்டம்மாள் வினவினார். பொய்யன்று, முழு உண்மையும் அன்று. 14.2 கிலோ எரிவாயு உருளை ஒன்று தரும் வெப்பம், அடுப்பில் வீணாவது போக, மின்தூண்டல் அடுப்பில் ஏறத்தாழ 140 யூனிட் மின்சாரம் செய்யும் வேலைக்குச் சமம். அந்த 140 யூனிட்டும் 400-க்குள் அடங்கினால் 658 ரூபாய். 400-க்கும் 500-க்கும் இடைப்பட்ட விலையில் 882 ரூபாய். 500-க்கு மேற்பட்ட விலையில் 1,176 ரூபாய். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் உயர்ந்தபின் சென்னையில் உருளையின் விலை 868 ரூபாய் 50 காசாக இருந்தது. ஆகவே, மின்சாரம் குறைவாகச் செலவாகும் சிறு குடும்பத்துக்கு மின்தூண்டல் அடுப்பு ஆதாயமே. ஏற்கெனவே 400-ஐ நெருங்கி நிற்கும் வீட்டுக்கு அதுவே நட்டமாகிவிடுகிறது. அடுத்த வீட்டுக்காரருக்குச் சிக்கனமானது நமக்கும் சிக்கனமாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

இன்னொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்ப்பில் விழுந்து மின்சாரமாகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆனால், தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையில்தான் அவை முழுவீச்சில் சுழலும். மார்கழியில் பெரும்பாலும் தளர்ந்து நிற்கும். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்களவே மின்சாரமாகிறது. எஞ்சியது புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் நீரோடும் போய்விடுகிறது. வெப்பத்தை இவ்வளவு இழந்து மின்சாரமாக்கி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மீண்டும் வெப்பமாக்குவது, பாலைக் கடைந்து நெய்யெடுத்து அந்நெய்யை ஊற்றி அடுப்பெரிப்பது போன்றதாகும். விளக்குக்கும், விசிறிக்கும், தையல் இயந்திரத்துக்கும் மின்சாரம் நல்ல ஊழியன். வெப்பம் தரும் வேலைக்கு அவன் கூலி அதிகம்.

குளிர்நாடுகளில் நேர்ந்தது

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. நம் தமிழ்நாட்டிலிருந்து செவிலியராகப் பணியாற்றச் சென்று பிரிட்டனில் வாழும் குடும்பங்கள் பல. அங்கே பனிக்காலத்தில் வீடு முழுவதையும் சூடாக்காமல் வாழ இயலாது. பெரும்பாலான வீடுகளுக்குக் குழாய்வழி எரிவாயு வருகிறது. அது வராத வீடுகளில் பல மின்சாரத்தையே நம்பியுள்ளன. இரவில் விலை குறைந்த மின்சாரத்தால் கனத்த செங்கற்களைச் சூடாக்கி, அவ்வெப்பத்தைப் பகலெல்லாம் மெல்ல வெளிவிடும் பெட்டிகளை அங்கே சுவரோரம் வைத்திருக்கிறார்கள்.

உக்ரைன் போரால் எரிபொருள் விலை ஏறிய 2022-ஆம் ஆண்டில், பிரிட்டானிய அரசு தலையிட்டு அக்டோபர் முதல் ஒரு வரம்பு விதித்தது. அவ்வரம்பின்படியே மின்சாரம் யூனிட்டுக்குச் சராசரி 34 பென்ஸ், எரிவாயு 10.3 பென்ஸ். அதாவது, நேரடி மின்சாரத்தால் வீட்டைச் சூடாக்கியவர்கள் மூன்று மடங்குக்கு மேல் விலை கொடுத்தார்கள். அடுப்பை எரிப்பதா, வயிற்றை நிரப்புவதா என்று செல்வ நாட்டு முதியவர்களும் தயங்கிய பனிக்காலம் அது. அப்போது ஆங்காங்கே தேவாலயங்களும் நூலகங்களும் தங்கள் கூடங்களைச் சூடாக்கித் திறந்து வைத்து, குளிரில் நடுங்கியவர்களை அழைத்து உட்காரவைத்துத் தேநீர் தந்தன. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே எரிய இயலாத கணப்பு, ஊர்ப்பொதுக் கணப்பாக எரிந்தது.

நம் நாட்டிலேயே காசுமீர மக்கள் வேறொரு பாடம் கற்பிக்கிறார்கள். பிரம்பால் பின்னிய சிறு கூடைக்குள் மண்சட்டி வைத்து, அதில் கரித்தணலிட்டு, அங்கிக்குள்ளே கையோடு வைத்துக்கொள்கிறார்கள். காங்கிரி என்று அதற்குப் பெயர். அறை முழுவதையும் சூடாக்காமல், அறையிலிருக்கும் ஆளைச் சூடாக்கும் முறை அது. தணலின் புகையும் தீக்காயமும் தீங்கு என்பதால் அக்கருவியை நாம் பரிந்துரைக்கவில்லை. அதன் பின்னே உள்ள கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 2,000 வாட் அறைச்சூடேற்றி ஒன்றை நாளைக்கு 5 மணி நேரம் போட்டால் 10 யூனிட். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். வீட்டில் வேறெதுவும் எரியாவிட்டாலும் அது ஒன்றே 500 என்னும் கோட்டைத் தாண்டிவிடும். மேகமலையிலும் கொடைக்கானலிலும் உதகையிலும் குடியிருப்பவர்கள் இதைக் கருத்திற் கொள்க.

மலை தந்த மெத்தை

ஆளைச் சூடாக வைக்கும் பொருளைத் தேடி மயிலாடும்பாறை மக்கள் தொலைவு போக வேண்டியதில்லை. கடமலைக்குண்டு, வருசநாட்டுப் பகுதித் தோட்டங்களில் இலவமரங்கள் நிறைந்துள்ளன. இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே வெறுமையான நுண்ணிய குழல். அதற்குள் காற்று அடைபட்டிருக்கிறது. அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவேதான் இலவம்பஞ்சு மெத்தை உடல்வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், எரிவாயுவும் வேண்டாம்.

அப்பத்தாவோ சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்துவந்தார். மேலே இரண்டு போர்வை இருந்தும், கீழேயிருந்து தரை அவருடைய வெப்பத்தை இரவெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. பரணில் கிடந்த பழைய மெத்தையை இறக்கி, பஞ்சைப் பிரித்து வெயிலில் காயவைத்து அடித்து, புது உறையிட்டுத் தைத்துக் கொடுத்தார் தையல் அறிந்த மருமகள். "இத்தனை நாளும் இது மேலேயே கிடந்துச்சே!" என்றார் அவர். அதில் படுத்த முதல் இரவிலேயே அப்பத்தா இருமலின்றி உறங்கினார் என்று மறுமுறை சென்றபோது கேள்விப்பட்டோம்.

குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

முதலாவது, மின்மானியை நாமே படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஞாயிறுதோறும் திருப்பலிக்குப் புறப்படுமுன் அளவைக் குறித்துவைக்கும் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். 500-க்குள் நிற்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 8 யூனிட்டுக்குச் சற்று அதிகம், வாரத்துக்கு 58. இக்கணக்குக் கையிலிருந்தால், இரண்டு மாதம் கழிந்தபின் அதிர்ச்சியடைய வேண்டியதில்லை.

இரண்டாவது, வெயிலைப் பயன்படுத்துதல். பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்ட நம் தாய்மார் பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி முற்றத்து வெயிலில் வைத்தது நினைவிருக்கும். தேனிப் பகுதியில் மார்கழியிலும் பகல் வெயிலுக்குக் குறைவில்லை. கறுப்பு வண்ணம் பூசிய மூடியிட்ட தகரப் பீப்பாயை மாடியில் வைத்தால், தண்ணீர் பிற்பகலுக்குள் வெதுவெதுப்பாகிவிடும். 22 பாகைத் தண்ணீர் வெயிலில் 35 பாகையாகிவிட்டால், எஞ்சிய வெப்பத்துக்கு முன்பு ஆனதில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமே போதும். முதியவர்கள் பிற்பகலில் குளிப்பது அவர்கள் உடலுக்கும் நன்று. வசதியுள்ளோர் சூரிய வெந்நீர்க் கலம் அமைத்துக்கொள்ளலாம். கூரையில் சூரிய மின்தகடு பொருத்துவதற்கு 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட நடுவண் அரசுத் திட்டத்தில், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது.

மூன்றாவது, தென்னந்தோப்பு உள்ள ஊர்களில் மட்டையும் சிரட்டையும் குறைந்த செலவில் கிடைக்கும். முற்றத்தில், திறந்த வெளியில், செப்புத் தவலையடுப்பு வைத்து எல்லாருக்கும் சேர்த்து வெந்நீர் போடலாம். வீட்டுக்குள் புகை சூழ எரிப்பது கூடாது.

நான்காவது, சமையலில் பருப்பையும் அரிசியையும் முன்னரே ஊறவைத்தல், பாத்திரத்தை மூடிச் சமைத்தல், கொதி வந்ததும் சூட்டைக் குறைத்தல் ஆகிய பழைய பழக்கங்கள் மின்சாரத்தையும் எரிவாயுவையும் ஒருங்கே மிச்சப்படுத்தும். இணைப்பு மாற்றம் போன்ற வேலைகளைத் தள்ளிப்போடாமல் முடித்துவிடவேண்டும்.

ஐந்தாவது, உயிரைக் காத்தல். ஹீட்டர் கம்பி வாளியில் இருக்கும்போது தண்ணீரைத் தொடவே கூடாது. சூடாகிவிட்டதா என்று விரல்விட்டுப் பார்ப்பவர்களும் உண்டு; அது சாவை அழைப்பதாகும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பின்னரே கை வைக்க வேண்டும். மின்கசிவு நேர்ந்தால் நொடியில் இணைப்பைத் துண்டிக்கும் கருவியை வீட்டில் பொருத்துவது பெருஞ்செலவன்று. அதேபோல், கதவு சாத்திய அறைக்குள் கரித்தணல் வைத்து உறங்குவது ஆபத்து. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இளைஞர் இருவர், அறைக்குள் மூட்டிய கரியடுப்பின் புகையால் உறக்கத்திலேயே மாண்டனர். அந்த நச்சுவாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

யாருக்கு முதல் வாளி?

குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது. முதியவர்களின் உடல் அதைத் தாங்க வலுவற்றது. அதனால், வெந்நீர் அவர்களுக்கு ஆடம்பரமன்று, மருந்துக்கு நிகரானது. தாவீது அரசர் முதுமையடைந்தபோது, எத்தனை போர்வை போர்த்தியும் அவருக்குக் குளிர் விடவில்லை என்று அரசர்களின் முதல் நூல் தொடக்கத்திலேயே கூறுகிறது. கோலியாத்தை வீழ்த்திய வீரருக்கே அக்கதியென்றால், நம் வீட்டு அப்பத்தாக்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவனுக்கு உடலை மூட வேறொன்றும் இல்லையே என்று விடுதலைப் பயண நூல் சட்டம் வகுக்கிறது. குளிரில் இருப்பவனிடம் வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு தம் திருமுகத்தில் வினவுகிறார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' என்னும் சுற்றுமடல், வீட்டைச் சூடாக்கும் செலவைப் பற்றியே ஓரிடத்தில் பேசுகிறது. மிகுதியாகச் செலவிட வசதியிருந்தும் சூடேற்றியைக் குறைத்துவிட்டு, தடித்த ஆடை அணிந்துகொள்பவரை அவர் பாராட்டுகிறார். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வசதியுள்ளவர் தாமே விரும்பிக் குறைத்துக்கொள்வது தவம். வலுவற்றவர் பிறருக்கு அஞ்சிக் குறைத்துக்கொள்வது தவமன்று; அது அவருக்கு இழைக்கப்படும் அநீதி. குடும்பத்தில் சிக்கனம் தொடங்க வேண்டிய இடம் வலியவரின் வாளி.

நம் பங்குகளிலும் இதை எண்ணிப்பார்க்கலாம். திருவருகைக் காலத்தில் ஆலயத்தை அலங்கரிக்கும் விளக்குச் சரங்களில் சிலவற்றைக் குறைத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் கொடுத்தால், தனியே வாழும் முதியவர் சிலருக்கு இலவம்பஞ்சு மெத்தையும் கம்பளியும் கிடைக்கும். பஞ்சு அடிக்கும் தொழிலாளிக்கும் வேலை கிடைக்கும்.

மயிலாடும்பாறைக் குடும்பம் எரிவாயு இணைப்பை மாற்றிக்கொண்டது. மாடியில் கறுப்புப் பீப்பாய் ஏறியது. அடுத்த மார்கழியில் அவர்களுடைய மின்கணக்கு 400-ஐத் தாண்டவில்லை என்று ஆசிரியர் மகிழ்ச்சியோடு தெரிவித்தார். அதைவிட நமக்கு மகிழ்ச்சி தந்தது மற்றொரு செய்தி. அவ்வீட்டில் இப்போது முதல் வாளி வெந்நீர் அப்பத்தாவுக்கு. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைப்பது மூத்த பேரனின் வேலை. "வேண்டாம்டா, எனக்கெதுக்கு" என்று அவர் நாள்தோறும் சொல்கிறாராம். அவனும் நாள்தோறும் வைத்துவிட்டுப் போகிறானாம்.

பெத்லகேமில் அந்தக் குளிரிரவில், மரியன்னையிடம் தொழுவத்தைச் சூடாக்க வழியேதும் இருக்கவில்லை. ஆயினும், பிறந்த பாலனைத் துணிகளால் பொதிந்து தீவனத்தொட்டியில் கிடத்தினார் என்று லூக்கா எழுதுகிறார். கையில் இருந்ததைக் கொண்டு வலுவற்றவரை முதலில் போர்த்துவதே அந்த அன்னை நமக்குக் காட்டிய வழி. இம்மார்கழியில் நம் வீட்டுக் குடில்களில் வைக்கோல் பரப்பும்போது, அடுத்த அறையில் பாயில் படுத்திருப்பவருக்குப் போதிய போர்வை இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவோமாக!